இரட்டை ஆயுள் செயின்

"பீ...ப்! பீ...ப்! பீ...ப்!"

அலாரம் அலறியபோது அரைமில்லி அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்திருந்தாள். வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே போட்டுவிட்டுச் சோதனை அறைக்கு ஓடினாள்.

"நின்னுடுச்சா அண்ணே?"

"நின்னுடுச்சு தங்கச்சி" என்றார் கிரீஸ் அண்ணன், ஆஸ்பத்திரி வராந்தாவில் கெட்ட செய்தி சொல்கிறவர் குரலில்.

"அதுக்குள்ளயா?"

"அதுக்குள்ளதான்."

அரைமில்லி என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல. சைக்கிள் செயின் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் தரச் சோதனை அவள் பொறுப்பு. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் முழு லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவாள். வயிற்றெரிச்சல் தாங்காமல் உற்பத்திப் பிரிவுக்காரர்கள் வைத்த பெயர் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், அப்புறம் முகத்துக்கு நேராக. இப்போது வீட்டில் கட்டின புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறான்.

கிரீஸ் அண்ணன் அவளுடைய டெக்னீஷியன். நகக்கண்ணில் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். மகள் கல்யாணத்தன்றுகூட அது போகவில்லை என்பார்கள்.

இருவரும் இயந்திரத்தின் முன் நின்றார்கள். யாரோ ஒரு சைக்கிளைக் கொன்று, எலும்பை மட்டும் மேஜையில் பொருத்தி வைத்ததுபோல இருக்கும் அது. முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்னப் பல்சக்கரம், இரண்டையும் சுற்றிப் பந்தய சைக்கிளின் செயின். மோட்டார் மிதிக்கும். மேடு ஏறுகிற கால்களுக்குத் தெரிகிற பாரத்தைப் பின்னாலிருந்து ஒரு பிரேக் கொடுக்கும். மேலே ஒரு சிறு குழாயிலிருந்து எண்ணெயில் கரைத்த பொடி மணல் சொட்டுச் சொட்டாகச் செயின் மேல் விழும்.

அந்த மணல்தான் சோதனையின் உயிர்நாடி. சாலையில் மாதக்கணக்கில் ஏறுகிற அழுக்கை இங்கே சில நாட்களில் ஏற்றிவிடுவார்கள். அழுக்கு கண்ணிகளுக்குள் புகுந்து ஆணிகளை அரைக்கும். ஆணி தேயத் தேயச் செயின் நீளும். ஓர் அளவுக்கு மேல் நீண்டால் அலாரம் அடித்து இயந்திரம் நின்றுவிடும். அதோடு அந்தச் செயினின் ஆயுள் முடிந்தது. மாலையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போவார்கள், காலையில் விட்ட இடத்திலிருந்து ஓட்டுவார்கள். ஆனால் ஒரு செயினை ஏற்றிவிட்டால் அலாரம் அடிக்கும்வரை யாரும் அதன்மேல் கை வைக்கக் கூடாது. 'தொடாதே' என்று கண்ணாடிக் கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தாள் அரைமில்லி.

அவளுடைய இப்போதைய தலைவலிக்குப் பெயர் 'இரட்டை ஆயுள்'.

புதிதாக ஒரு கறுப்புப் பூச்சுப் பூசிய செயின். அதில் முதலாவதை இதே இயந்திரத்தில் ஓட்டியபோது, பழைய செயினைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஓடியும் அலாரம் அடிக்கவில்லை, போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அப்போது அரைமில்லி ஊரில் இல்லை, தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கிரீஸ் அண்ணன்தான் ஓட்டினார். திரும்பி வந்தவள் கம்ப்யூட்டரில் செயின் நீள்வதைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தாள். மலை மாதிரி ஏற வேண்டிய கோடு வயல் வரப்பு மாதிரி படுத்துக் கிடந்தது. இயந்திரத்தைச் சோதித்தாள், கோளாறு எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டாள். 'இன்னும் ரெண்டு செயின் ஓட்டிப் பார்த்துடலாம்' என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் 'இரட்டை ஆயுள்' என்று தங்க எழுத்தில் அட்டைப் பெட்டிகள் அச்சாகி வந்து இறங்கிவிட்டன.

அதற்குப் பிறகு ஓட்டிய எந்தச் செயினும் அந்த ஆயுளில் பாதியைக்கூடத் தொடவில்லை. அப்படிச் செத்ததில் இன்றையது மூன்றாவது.

"என்ன, மறுபடியும் ஒப்பாரியா?"

கதவில் மேலாளர் நின்றார். தொழிற்சாலையில் அவருக்கு ஜெனரேட்டர் என்று பெயர். ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது எதுவும் கேட்காது. இதற்கு முன்னால் பிஸ்கட் கம்பெனி ஒன்றில் இருந்தார். 'பிஸ்கட்டா இருந்தா என்ன, செயினா இருந்தா என்ன, ரெண்டும் பாக்கெட்டுல போட்டுத்தான விக்கிறோம்' என்பது அவருடைய தத்துவம்.

"சார், பூச்சுல ஏதோ..."

"பூச்சுல ஒண்ணும் இல்லை. முதல் தடவை ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு சார், ஆனா..."

"யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான். அதனாலதான் சார்..."

"அப்ப ஓடுற செயினுதானே அது? ஓட வைக்கத் தெரியாதது யாரு தப்பு? என் தப்பா? அட்டைப்பெட்டி தப்பா?"

ஜெனரேட்டர் தானாக நிற்கும்வரை காத்திருப்பதுதான் வழி. கிரீஸ் அண்ணன் தன் நகக்கண்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் வாங்குற கம்பெனியிலிருந்து அவங்க இன்ஜினியரம்மா வர்றாங்க. அவங்க வர்றதுக்குள்ள இன்னொரு செயின் ஓட்டு. முதல் செயின் ஓடின மாதிரியே ஓடணும்."

"ஓடலைன்னா சார்?"

"ஓடலைன்னா மெஷினைச் சரியா பார்த்துக்கலை, அதான் இந்த மூணும் ஊத்திக்கிச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. பேக்கிங்ல உனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தரேன். அங்க எதுவும் தேயாது, நிம்மதியா இருக்கலாம்."

அவர் போன பிறகும் அறையில் அவருடைய சென்ட் வாசனை கொஞ்ச நேரம் நின்றது.

நான்காவது செயினுக்கு முன் அரைமில்லி எதையும் விட்டுவைக்கவில்லை. மோட்டாரைக் கழற்றி மாட்டினாள். பல்சக்கரங்கள் இரண்டையும் புதிதாகப் போட்டாள். மணலைச் சலித்து, எடைபோட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். அது மணலாகத்தான் இருந்தது. பூச்சுப் போடும் பிரிவுக்குப் போய் அங்கே இருந்தவரிடம், "முதல் லாட்டுக்கும் இதுக்கும் ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டாள். "நாங்க என்னத்த மாத்துறது? லைட் பல்பு ஃபியூஸ் போய் மாசமாகுது, அதையே மாத்தலை" என்றார் அவர்.

முதல் செயினை அறுத்து, ஆணிகளை வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். மற்ற மூன்றின் ஆணிகளையும் பக்கத்தில் வைத்தாள். அதே எஃகு, அதே பூச்சு, அதே கனம். முதல் செயினின் ஆணிகள் மட்டும் நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி இருந்தன. மற்றவை எலி கடித்த பென்சில்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று மட்டும் எப்படி இப்படி?

பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயின் மீது கோபம், மணல் மீது கோபம், ஊரில் இல்லாமல் போன தன் மீது கோபம். கடைசியில் அந்தக் கோபம் போய் விழக் கூடாத இடத்தில் விழுந்தது.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு தங்கச்சி."

"முதல் செயின் ஓடறப்ப மணல் குழாயை எப்பவாவது மூடி வெச்சீங்களா?"

கிரீஸ் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"எதுக்கு மூடணும்?"

"மறந்துபோய்... இல்ல, அடைச்சிக்கிட்டிருந்து... நீங்க கவனிக்காம..."

"மணல் டப்பா தினமும் காலியாச்சு. தினமும் நான்தான் ரொப்பினேன். அடைச்சிருந்தா எப்படிக் காலியாகும்? நான் குடிச்சேனா?"

"கோச்சுக்காதீங்க அண்ணே. ரூம் சாவி உங்ககிட்டயும் ஆபீஸ்லயும்தான் இருக்கு. நானோ ஊர்ல இல்லை. நான் வேற யார்கிட்ட கேக்கறது?"

"கேளுங்க. நல்லா கேளுங்க." அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கறுப்புக் கோடு அசையவில்லை. "இந்த மெஷினை வாங்கின அன்னைக்கு இறக்கி வெச்சவன் நான். ஒரு நாள் பொய்க் கணக்குக் காட்டினதில்லை. வேற ஏதாவது கேக்கணுமா மேடம்?"

மேடம். இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. செவிட்டில் அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

நான்காவது செயின் ஓடிய நாட்களில் அந்த அறையில் இயந்திரம் மட்டும்தான் பேசியது. அவர் மணல் ரொப்பினார், அவள் அளவு பார்த்தாள். வரைபடத்தில் கோடு மெல்லத் தலையைத் தூக்கியது. அப்புறம் நிமிர்ந்தது. அப்புறம் மேலே ஏற ஆரம்பித்தது. இன்ஜினியரம்மா வருவதற்கு முந்தின நாள் மதியம் அலாரம் அடித்தது. இருவரும் ஓடவில்லை. கிரீஸ் அண்ணன் சுவிட்சை அணைத்தார். அவள் கண்ணாடிக் கதவைக்கூடத் திறக்கவில்லை. செத்த செயின் மண்ணும் எண்ணெயுமாகச் சக்கரத்திலேயே தொங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது புருஷன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடித்து வந்தால் மாலைச் சமையல் அவனுடையது.

"வாங்க அரைமில்லி மேடம். முகத்தைப் பார்த்தா இன்னொருத்தரும் போய்ச் சேர்ந்துட்டாரு போல?"

"மேடம்னு கூப்பிடாதீங்க."

அவள் குரலில் இருந்த எதையோ கேட்டு அவன் கத்தியைக் கீழே வைத்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலியில் உட்காராமல், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணு புரியலை" என்றான் அவன். "மெஷின்ல கோளாறுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயேன். ஒரு கையெழுத்துதானே?"

"கோளாறு இல்லையே. அப்புறம் எப்படி எழுதுறது?"

"பேக்கிங்ல போட்டாத்தான் என்ன? சம்பளம் குறையப்போகுதா? எங்க டிப்போவுல வண்டி நின்னா டிரைவர் மேல தப்பு, ஓடினா மேனேஜருக்கு மாலை. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

"பிரேக் பிடிக்காத பஸ்ஸைக் காட்டி, பிடிக்குதுன்னு எழுதிக் குடுன்னா குடுப்பீங்களா?"

"அது வேற. அதுல உயிர் இருக்கு. இது வெறும் செயின்."

"வெறும் செயின்தான். அந்தப் பெட்டியை நம்பி வாங்கறவன், இரட்டை ஆயுள்னு போட்டிருக்கேன்னு மாத்தாம ஓட்டுவான். தேஞ்ச செயின் பின்னாடி இருக்கிற சக்கரத்துப் பல்லையெல்லாம் தின்னுடும். ஒரு நாள் மேடு ஏறறப்ப வழுக்கும். அவன் அந்த நேரம் எழுந்து நின்னு மிதிச்சிட்டிருந்தான்னா? ரோட்டுல நாலு பேருக்கு நடுவுல?"

வெங்காயத்தால் அவன் கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்காமல் நின்றான்.

"சரி, அப்ப உண்மையைச் சொல்லிடு. செயின் சரியில்லைன்னு."

"சொன்னா முதல் ரிசல்ட் எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. ஓட்டினது அண்ணன். அவர் பொய் சொல்லிட்டார்னு ஆகும். ரிடையர் ஆகப்போற மனுஷனை வாசல்ல நிறுத்தி வெளியே அனுப்புவாங்க. நான் அவரைக் கேட்ட கேள்விக்கே அவர் இன்னும் என் முகத்தைப் பார்க்கலை."

"அப்ப என்னதான் சொல்லப்போறே?"

"தெரியலை!" என்று கத்தினாள் அரைமில்லி. "தெரியலை, தெரியலை! அதான் என் பிரச்சினையே. எதையும் தெரிஞ்சு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்குத் தெரியலை!"

பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவன் வந்து அவள் தோளிலிருந்த கைப்பையை வாங்கி ஆணியில் மாட்டினான். "சாப்பிடு முதல்ல" என்றான். அதைத் தவிர அவனுக்கும் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை இன்ஜினியரம்மா வந்தார். நரைத்த கிராப்புத் தலை, வெயிலில் கறுத்த கைகள், பேச்சில் சிக்கனம். வரவேற்பறையில் ஜெனரேட்டர் நீட்டிய பூங்கொத்தை வாங்கி அங்கேயே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, "டெஸ்ட் ரூம் எங்கே?" என்று கேட்டார்.

ஜெனரேட்டர் முன்னால் நடந்தார். பின்னால் திரும்பி அரைமில்லியைப் பார்த்து, கையெழுத்துப் போடுவதுபோல் காற்றில் விரலை ஆட்டினார். அவள் கையில் எந்தக் காகிதமும் இல்லை.

சோதனை அறையில் கிரீஸ் அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். துவைத்த யூனிபார்ம் போட்டிருந்தார். வேலையின் கடைசி நாளுக்குத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

"நேரா விஷயத்துக்கு வரேன்" என்றார் இன்ஜினியரம்மா. "நீங்க அனுப்பின செயினை நாங்களும் ஓட்டிப் பார்த்தோம். ஒண்ணு இல்ல, நிறைய. பழைய செயினைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. அவ்வளவுதான். இரட்டை ஆயுளெல்லாம் கிடையாது. இங்க எப்படி?"

"இங்க பாருங்க மேடம்" என்று ஆரம்பித்தார் ஜெனரேட்டர், "மெஷின்ல ஒரு சின்ன..."

"நான் அவங்களைக் கேட்டேன்."

ஜெனரேட்டர் நின்றது. அப்படி நின்று அரைமில்லி பார்த்ததே இல்லை.

"இங்கயும் அதேதான் மேடம்" என்றாள். "நாலு செயினும் பாதியிலயே போயிடுச்சு. மெஷின்ல கோளாறு இல்லை. நானே பிரிச்சுப் பார்த்தேன்."

ஜெனரேட்டரின் முகம் கறுத்தது. இன்ஜினியரம்மா தலையாட்டினார்.

"அப்ப அந்த முதல் செயின்?"

"அது நிஜமாவே ஓடுச்சு. ஆணியெல்லாம் பார்த்தேன், தேயலை."

"எப்படி?"

"தெரியலை மேடம்." சொல்லும்போது காது சுட்டது. "எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் பார்த்துட்டேன். தெரியலை."

"ஓட்டினது யாரு?"

"நான்தாங்க" என்றார் கிரீஸ் அண்ணன்.

இன்ஜினியரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒரே பூச்சு, ஒரே எஃகு. மணல் விழுந்தா தேயும். தேயலைன்னா மணல் விழலை. இல்லேன்னா யாரோ செயினை மாத்தி வெச்சிருக்கீங்க. என் அனுபவத்துல மூணாவது காரணம் கிடையாது. இதை நான் எங்க மேலிடத்துல சொல்லித்தான் ஆகணும். ரிசல்ட் ஜோடிச்சதுன்னு."

"அவர் அப்படிச் செய்யலை" என்றாள் அரைமில்லி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அப்ப ஊர்லயே இல்லைன்னு கேள்விப்பட்டேன்."

"இல்லைதான். ஆனா அவர் செய்யமாட்டார். கையெழுத்து என்னது. யாரையாவது எழுதணும்னா என்னை எழுதுங்க."

கிரீஸ் அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். "நீ சும்மா இரு தங்கச்சி" என்றார்.

இன்ஜினியரம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். கிளம்பப் போகிறார் என்று தெரிந்தது. ஒப்பந்தம் அவரோடு கிளம்பப் போகிறது என்பதும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஜெனரேட்டரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? இரண்டே எட்டில் கதவை மறித்து நின்றார்.

"மேடம், மேடம், ஒரு நிமிஷம்! ஜோடிச்சதுன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க கம்பெனி மானம் போயிடும். அந்த ரிசல்ட்டுக்கு நானே சாட்சி!" கண்ணாடிக்குப் பின்னால் மண் அப்பிக் கிடந்த செயினைச் சுட்டிக்காட்டி அரைமில்லியை முறைத்தார். "விருந்தாளி வர்ற அன்னைக்கு இவங்க இப்படிச் சேறும் சகதியுமா வெச்சிருக்காங்கன்னு முதல் செயினும் இப்படித்தான் இருந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. அது ஓடின நாள் பூரா உங்க ஆளுங்க சுத்திப் பார்க்க வந்துட்டே இருந்தாங்கல்ல? அப்ப யாரும் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே நான்தானே தினமும் காலையில இந்தக் கதவைத் திறந்து, அவங்க கண்ணுக்கு அழகா இருக்கட்டும்னு, என் கையாலயே அந்தச் செயினை ஒரு பொட்டு மண்ணில்லாம தொடச்சு, புது எண்ணெய் போட்டு வெச்சேன்!"